கதிரேசு வைத்தியரின் அபின் பேணி

பெயர்: வல்லிபுரம் நித்தியானந்தன்.
வயது: எழுபத்தெட்டு.
வசிப்பிடம்: செவன் ஹில்ஸ், சிட்னி. மகள் சயந்தினியின் வீட்டில், பின்னறையில்.
தொழில்: இருபத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் கடைசல் இயந்திர வேலை. இப்போது ஓய்வு.
பதியப்பட்ட நாள்: 2024 ஒக்டோபர் 17, வியாழக்கிழமை, காலை பத்தரை மணி தொடக்கம்.

இந்த வாக்குமூலத்தை நான் தமிழில் தருகிறேன். எனக்கு ஆங்கிலம் வாசிக்கவும் எழுதவும் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மிச்சத்தை வாசிகசாலைகளில் இருந்து நானே படித்தேன். அப்படியிருந்தும் தமிழில்தான் தருவேன் என்று நின்றதற்குக் காரணம் உண்டு. கடைசியாக நான் ஆங்கிலத்தில் ஒப்பமிட்ட தாள்தான் என்னை இந்தக் கதிரையில் கொண்டுவந்து இருத்தியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் திருமதி யாமினி கோயம்புத்தூரைச் சேர்ந்தவர். நான் சொல்வதை அவர் எழுதுகிறார்.

பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று கொன்ஸ்டபிள் பார்க்கர் சொன்னார். விளங்கியது. நான்கு மாதமாக நான் பேசியதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. இன்று எழுத ஒருவர் இருக்கிறார். ஆகவே பேசுகிறேன். சட்டத்தரணி வேண்டாம்.

என் தாயாரின் தகப்பனார் சுழிபுரம் கதிரேசு வைத்தியர். நாட்டு வைத்தியம் செய்தவர். வயிற்றோட்டத்துக்கும், சாகக் கிடப்பவர்களின் நோவுக்கும் அவர் கடுகளவு அபின் சேர்த்து மருந்து கொடுத்தார். அந்த அபினை அவர் களவாக வாங்கவில்லை. யாழ்ப்பாணம் கச்சேரியில் வாங்கினார். இந்த இடத்தில் திருமதி யாமினி, "கச்சேரின்னா பாட்டுக் கச்சேரியா ஐயா?" என்று கேட்டார். இல்லை, அரசாங்க அதிபரின் அலுவலகத்தை நாங்கள் அப்படிச் சொல்வோம் என்று விளக்கினேன். அங்கே பிரித்தானிய அரசு தன் கையாலேயே நிறுத்து, தகரப் பேணியில் அடைத்து, ஈய முத்திரை குத்தி, அனுமதிப் பத்திரம் உள்ள வைத்தியர்களுக்கு விற்றது. வருடத்துக்கு இரண்டு முறை ஒரு பரிசோதகர் சைக்கிளில் வந்து, என் பாட்டனாரின் தராசில் மிச்ச அபினை நிறுத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். ஒருமுறை மழைக்காலத்தில் அபின் ஈரம் குடித்து நிறை கூடியிருந்தது. குறைந்தாலும் கேள்வி, கூடினாலும் கேள்வி. மூன்று நாள் அவரைக் கச்சேரி வாசலில் நிறுத்தி வைத்தார்கள். இதெல்லாம் என் தாயார் எனக்குச் சொன்னது.

இந்த அரசுதான் அதற்கு முன்னர் அபின் கடை நடத்தும் உரிமையை ஏலத்தில் விட்டது. ஏலம் எடுத்தவன் யாருக்கு விற்றான் என்று எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. வெளிநாடுகளில் கண்டனம் எழுந்த பின்னரே வைத்தியரின் தராசைப் பிடித்தார்கள்.

1938ஆம் ஆண்டு என் பாட்டனார் இறந்தார். கடைசியாக வாங்கிய பேணி ஒன்று முத்திரை உடைக்காமல் இருந்தது. பத்திரம் உள்ளவர் இறந்தால் மிச்சத்தைக் கச்சேரியில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். என் தாயார் அன்னபூரணம் அப்போது இருபத்து நான்கு வயதுப் பெண். பேணியைக் கொண்டுபோனார். பத்திரக்காரர் நேரில் வந்து ஒப்பமிட வேண்டும் என்றார் எழுதுவினைஞர். பத்திரக்காரர் சுடலையில் எரிந்து ஒன்பது நாள் என்றார் தாயார். அப்படியானால் எழுதிக் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் எழுதினார். இரண்டு கடிதங்களுக்கும் பிரதி வைத்திருந்தார். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பேணியை ஏற்று, ஏற்றதாக ஒரு ரசீது தாருங்கள். பதில் வரவில்லை. ரசீது இல்லாமல் அதை எறியவும் பயம், கொடுக்கவும் பயம். ஆகவே எங்கள் வீட்டில் அது தராசோடு சேர்ந்து சரசுவதி பூசைக்கு வைக்கப்படும் பொருளாகிவிட்டது. வருடா வருடம் விஜயதசமியன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். முத்திரையை ஒருவரும் தொட்டதில்லை.

தாயார் 1986இல் இறந்த பின்னர் பேணி என்னிடம் வந்தது. 1988இல் நான் சிட்னிக்கு வந்தபோது விமான நிலையத்தில் அதை மறைக்கவில்லை. மேசையில் எடுத்து வைத்தேன். என்ன என்று கேட்டார்கள். பாட்டனாரின் மருந்து, பூசையில் வைப்பது என்றேன். அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்து, சந்தனத்தில் ஒட்டியிருந்த நான்கு அரிசி மணிகளைச் சாவணத்தால் பிடுங்கி, தானியம் இந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்று ஒரு பையில் போட்டார். பேணியை என் கையில் தந்தார்.

இவ்வளவும் முன்கதை. இது இல்லாமல் பின்கதை விளங்காது என்பதால் சொன்னேன். கொன்ஸ்டபிள் பார்க்கர் இரண்டு முறை மணிக்கூட்டைப் பார்த்தார். அதையும் எழுதும்படி கேட்டேன்.

இந்த வருடம் மே மாதம் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மதிய விருந்து நடந்தது. செயலாளர் செந்தூரன் என் கதிரைக்கு அருகே வந்தார். வெஸ்ட்மீட் பக்கம் உள்ள கிரேன்ஃபீல்ட் மரபுரிமை இல்லத்தில் ஒரு கண்காட்சி வருவதாகவும், அபின் வணிகத்தின் பழைய காலத்தைப் பற்றியது என்றும், என்னிடம் உள்ள பொருட்களைக் கொடுத்தால் எங்கள் ஆட்களின் பக்கமும் வரும் என்றும் சொன்னார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. நான்கு பொருட்கள் தருவதாகச் சொன்னேன்: பாட்டனார் தராசோடு இருக்கும் படம், அனுமதிப் பத்திரம், தாயாரின் கடிதப் பிரதிகள், பேணி. விஜயதசமிக்கு முதல் பேணி திரும்பி வர வேண்டும் என்றும் சொன்னேன். அவர் ஒரு தாளை நீட்டினார்.

"இது இரவலோ, கொடையோ தம்பி?" என்று கேட்டேன்.

"இரவல்தான் அங்கிள். ஆரும் சும்மா தூக்கிக் குடுப்பினமே? எல்லாருக்கும் ஒரே ஃபோர்ம். அஞ்சு மணிக்கு முதல் ஸ்கான் பண்ணி அனுப்பவேணும், சாப்பிட்டுக்கொண்டே ஒரு கோட்டை இழுத்து விடுங்கோ."

என் வலக்கை சோற்றில் இருந்தது. இடக்கையால் ஒப்பமிட்டேன். கண்ணாடியும் போட்டிருக்கவில்லை. அந்தத் தாள் கொடைப் பத்திரம் என்று ஓகஸ்ட் மாதம்தான் அறிந்தேன். செந்தூரனும் அதை வாசிக்கவில்லை என்று பின்னர் என்னிடம் ஒத்துக்கொண்டார். ஒப்பம் என் வழமையான ஒப்பம் போல இல்லாததால் அது என்னுடையதல்ல என்று சொல்லித் தப்பலாம் என்று சங்கத்தில் ஒருவர் யோசனை சொன்னார். நான் அப்படிச் சொல்லவில்லை. இடக்கையும் என் கைதான்.

ஜூன் மாதம் கண்காட்சி திறந்தார்கள். நான் வேட்டி கட்டிக்கொண்டு போனேன். முதல் சுவரில் பாயில் படுத்துப் புகைக்கும் சீன ஆட்களின் படங்கள். இரண்டாவது சுவரில் தொப்பி போட்ட சுங்க அதிகாரிகள், பிடித்த அபினைக் குவித்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குக் கீழே, கரையைக் காத்தவர்கள் என்று எழுதியிருந்தது. மூன்றாவது சுவரில் என் பாட்டனார். கீழே ஒரு வரி: அபின் வியாபாரி, இலங்கை, சுமார் 1925. அவருக்கு முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் பேணி. அனுமதிப் பத்திரமும் இல்லை, கடிதங்களும் இல்லை.

எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண், இந்த ஆளின் கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது என்று தன் தோழிக்குச் சொன்னார். என்ன தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. என் பாட்டனாருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அதுதான் தெரிந்திருக்கும்.

அதன் பின்னர் கண்காட்சிப் பொறுப்பாளர் மிஸ் ஹார்ட்லியைச் சந்தித்து, பத்திரம் எங்கே என்று கேட்டேன். இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது, பார்வையாளர்கள் நீளமாக வாசிக்க மாட்டார்கள், ஒரு படத்துக்கு அறுபது சொல்தான் இடம் என்றார். அவர் ஒரு வரிதான் எழுதியிருந்தார். மிச்சச் சொற்களை நான் எழுதித் தரலாமா என்று கேட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்றார்.

அதன் பின்னர் நான் பதினொரு நாள் மாநில நூலகத்துக்கு ரயிலில் போய் வந்தேன். படிக்கப் படிக்கக் கோபம் கூடியது. இதே துறைமுகத்தில், அந்தத் தொப்பிக்காரர்கள் காவல் காத்த இதே கரையில், குடியேற்ற அரசுகள் புகைக்கும் அபினுக்கு இறாத்தலுக்கு இவ்வளவு என்று தீர்வை வாங்கி உள்ளே விட்டன. நியூ சவுத் வேல்ஸ் வாங்கியது, விக்டோரியாவும் வாங்கியது. 1906 பிறந்தபோதுதான் வாசலை மூடினார்கள். மூடிய மறுநாள் அதே ஆட்கள் காவலர்கள் ஆகிவிட்டார்கள், உள்ளே இருந்த சீனன் குற்றவாளி ஆகிவிட்டான். இந்தியாவில் கங்கைக் கரையில் அரசாங்கமே ஆலை வைத்து அபினை உருட்டிப் பெட்டியில் அடைத்து அனுப்பிய கதை எந்தச் சுவரிலும் இல்லை. விற்றவனுக்குப் படம் இல்லை. வாங்கியவனுக்கும், நோயாளியின் நாக்கில் கடுகளவு வைத்தவனுக்கும் படம் இருக்கிறது.

நான் அறுபது சொல் எழுதினேன். எண்ணி எழுதினேன். கடிதத்தோடு அனுப்பினேன். மூன்று கடிதம், ஒரு மின்னஞ்சல். ஓகஸ்ட் இருபதாம் திகதி பதில் வந்தது. பொருட்கள் நான்கும் இல்லத்தின் சொத்து, ஒப்பமிட்ட கொடைப் பத்திரத்தின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது, விளக்கப் பலகைகள் இறுதியாக்கப்பட்டவை என்று எழுதியிருந்தார்கள். செப்டெம்பரில், விஜயதசமியன்று ஒருநாள் மட்டும் பேணியைத் தரும்படி கேட்டு இன்னொரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. என் தாயாரின் நிலைக்கு நான் வந்துவிட்டேன் என்று அப்போது நினைத்தேன்.

ஒக்டோபர் 12, சனிக்கிழமை, விஜயதசமி. இல்லம் பத்து மணிக்குத் திறந்தது. நான் பத்து ஐந்துக்கு உள்ளே போனேன். பேணியைக் குனிந்து பார்த்தேன். சந்தனமும் குங்குமமும் இல்லை. பளபளவென்று துடைத்திருந்தார்கள். மேசையில் இருந்த தொண்டரிடம் கேட்டேன். அழுக்குப் படிந்திருந்ததாகவும் மருந்து போட்டு நீக்கியதாகவும் அவர் சொன்னார். நல்ல மனிதர், அவர்மீது எனக்குக் குறை இல்லை. முப்பத்தெட்டு வருடம் நான் வைத்த குங்குமம். அதற்கு முன்னர் நாற்பத்தெட்டு வருடம் என் தாயார் வைத்தது.

பெட்டியின் கண்ணாடி நான்கு திருகாணிகளில் நின்றது. என் சட்டைப் பையில் எப்போதும் சிறிய திருப்புளி இருக்கும். தொழில் பழக்கம். களவுக்கு என்று கொண்டுபோகவில்லை. நான்கையும் கழற்றி, கண்ணாடியை விலக்கி, பேணியை எடுத்துப் பையில் வைத்து, கண்ணாடியைத் திருப்பிப் பொருத்தி நான்கையும் முறுக்கினேன். ஒன்று முதலே ஆடிக்கொண்டிருந்தது, அதையும் சேர்த்து முறுக்கிவிட்டேன். அதன் பின்னர் பார்வையாளர் புத்தகத்தில் என் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், பேணியை எடுத்த நேரம், என் அறுபது சொற்கள் எல்லாவற்றையும் எழுதினேன். தொண்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் நான் நகைச்சுவை பேசுவதாக நினைத்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து குளித்து, பேணிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். சயந்தினியும் வந்து நின்றாள். மூன்று மணியளவில் கொன்ஸ்டபிள் பார்க்கரும் இன்னொருவரும் வந்தார்கள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அது அணையும்வரை நிற்கும்படி கேட்டேன். இருவரும் கழற்றினார்கள். நின்றார்கள். இதை நான் மதிக்கிறேன்.

அதன் பின்னர் கொன்ஸ்டபிள் பார்க்கர், இந்தப் பேணியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். என் பாட்டனார் கடுகளவும் ஏமாற்றாதவர் என்பதற்கு இதுதான் சாட்சி, ஈய முத்திரையைப் பாருங்கள், அரசு அடைத்தபடி அப்படியே இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பேணியைக் காதருகே பிடித்து மெதுவாக ஆட்டினார். உள்ளே ஏதோ இடித்தது. அவர் ஆட்டுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பின்னர் கையுறை எடுத்துப் போட்டார். இல்லத்தின் பட்டியலில் வெறும் பேணி என்று எழுதியிருந்தார்களாம். நான்கு மாதம் வைத்திருந்தவர்கள் ஒருமுறைகூட அதை ஆட்டிப் பார்த்து எழுதவில்லை.

என் மகளைப் பற்றி வினவப்பட்டது. சயந்தினி வைத்தியசாலையில் மருந்தாளர். பேணிக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அவளைக் காப்பாற்ற இப்படிச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். தெரிந்த அன்றே அவள் அதை ஒப்படைக்கச் செய்திருப்பாள். அதனால்தான் நான் சொல்லவில்லை. இது நான் செய்த பிழை, ஒத்துக்கொள்கிறேன். அவள் வேலை செய்யும் இடத்தில் மோர்பினைப் பூட்டிய அலுமாரியில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் ஒப்பமிட்டுக் கொடுக்கிறார்கள். அது அபினில் இருந்து வருவதுதான். அவளுடைய படத்தை ஒருவரும் சுவரில் தொங்கவிட்டு வியாபாரி என்று எழுதுவதில்லை. எழுதவும் கூடாது. அவள் செய்வதைத்தான் என் பாட்டனார் செய்தார்.

நேற்று இல்லத்தில் இருந்து ஒரு செய்தி வந்தது. பேணி அவர்களுடையது என்று நான் ஏற்று, மன்னிப்புக் கடிதம் ஒன்று கொடுத்தால் களவு முறைப்பாட்டைத் திரும்பப் பெறுவார்களாம். அபினை அவர்களே அழிப்பதற்கு ஒப்படைப்பார்களாம். எனக்கு ஒரு வழக்கும் வராதாம். பேணி என்னுடையது என்று நான் சொன்னால், தடைசெய்யப்பட்ட போதைப்பொருளை வைத்திருந்த குற்றம் என்மீது வரும் என்று கொன்ஸ்டபிள் பார்க்கர் விளக்கினார். அவர் ஒளிக்காமல் சொன்னார்.

இன்று காலை காரில் வரும்போது சயந்தினி சொன்னாள்: "அப்பா, அது அவையின்ர சாமான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பிறகு வீட்டை போவம். நீங்கள் சரித்திரம் திருத்தப்போய் நான் கோட்டு வாசலில நிக்கிறதே?"

"நீ நிக்க வேண்டாம் பிள்ளை. நான் நிப்பன்" என்றேன்.

"உங்களுக்கு எழுபத்தெட்டு வயசு."

"என்ர அம்மப்பாவுக்கு மழைக்கால அபினுக்காக மூண்டு நாள் நிக்கேக்கை எழுபது."

அவள் இப்போது வெளியே இருக்கிறாள். நான் சொல்லப்போவது அவளுக்குத் தெரியும்.

பேணி யாருடையது என்று கேட்கப்பட்டது. பதில் சொல்கிறேன். அது என்னுடையது. இடக்கையால் போட்ட ஒப்பம் இரவலுக்கு என்று நம்பிப் போட்டது. என்னுடையது என்பதால் வரும் வழக்கு எதுவோ அதை ஏற்கிறேன். அவர்களுடையது என்று சொல்லித் தப்பினால், அபின் வியாபாரி என்ற அந்த ஒரு வரிக்குக் கீழே நானே ஒப்பமிட்டதாகும். வழக்கு வந்தால் பத்திரத்தையும் கடிதங்களையும் இழுப்பறையில் இருந்து எடுத்து நீதிமன்றத்தில் வைக்க வேண்டி வரும். அறுபது சொல்லுக்கு மேற்படாமல் வாசியுங்கள் என்று நீதவானுக்கு ஒருவரும் சொல்ல முடியாது. பேணியில் உள்ள முத்திரை எந்த அரசுடையது, அதை அடைத்து விற்றவன் யார், திருப்பிக் கொண்டுபோனபோது வாங்க மறுத்தவன் யார் என்பதையும் அங்கே கேட்பேன்.

சனிக்கிழமை பேணியை எடுத்துப்போகும்போது பொலிசார் எனக்கு ஒரு சீட்டுத் தந்தார்கள். பொருளின் விபரம், திகதி, பெற்றுக்கொண்டவர் பெயர் எல்லாம் இருந்தது. உரிமையாளர் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த இடத்தை இப்போது என் முன்னால் நிரப்பும்படி கேட்டேன். கொன்ஸ்டபிள் பார்க்கர், உரிமை பற்றிய பதில் பதிவாகிவிட்டதால் இனி நிரப்பலாம் என்றார். நிரப்பினார்: கதிரேசு வைத்தியர், சுழிபுரம், அவருக்காகப் பேரன் வ. நித்தியானந்தன்.

அரசாங்கம் ஒன்று பேணியை ஏற்று, ஏற்றதாக ரசீது தந்திருக்கிறது. என் தாயார் கேட்டது இதுதான். எண்பத்தாறு வருடம் ஆனது, வேறு நாட்டு அரசு தந்தது. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். இதன் பிரதி ஒன்றைக் கிரேன்ஃபீல்ட் இல்லத்துக்கு அனுப்பி, என் பாட்டனாரின் படத்துக்குக் கீழே ஒட்டும்படி கேட்பேன். இருபது சொல்லுக்கு மேல் வராது.

இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நான் சொன்னது. திருமதி யாமினி எழுதியதைத் திரும்ப எனக்கு வாசித்தார். கண்ணாடி போட்டு நானும் ஒருமுறை வாசித்தேன். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை, ஆசை காட்டியதற்கும் நான் இணங்கவில்லை. இதில் பொய் இல்லை. எந்த மன்றத்திலும் இதையே சொல்வேன்.

வலக்கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வ. நித்தியானந்தன்